முப்பது வயதுக்கு மேல் ஹெட்கியர்: முதல் மாதத்தைச் சமாளிப்பது எப்படி

பல்லுக்குக் கிளிப் போட்டாயிற்று, அதோடு ராத்திரி ஹெட்கியரும் (கடைவாய்ப் பல்லில் மாட்டி, வாய்க்கு வெளியே கழுத்துப் பட்டையால் பின்னால் இழுத்துப் பிடிக்கும் கம்பி) போடணும் என்று டாக்டர் சொல்லிவிட்டார், வீட்டுக்கு வந்து அந்தக் கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்கிறீர்கள் என்றால் இது உங்களுக்குத்தான். நான் 34 வயதில் 9 மாதம் போட்டேன்.

முதலில், இது எதற்கு என்று தெரிந்துகொள்ளுங்கள். குழந்தைகளுக்குத் தாடை வளர்ச்சியைக் கட்டுப்படுத்தப் போடுவார்கள். நமக்குத் தாடை வளர்ந்து முடிந்துவிட்டது, அதனால் முன்பற்களைப் பின்னால் இழுக்கும்போது கடைவாய்ப் பல் முன்னால் நகர்ந்து வந்துவிடாமல் பிடித்து நிறுத்துவதுதான் பெரும்பாலும் இதன் வேலை. இடத்துக்காகப் பல் பிடுங்கியிருந்தால், அந்த இடம் வீணாகாமல் காப்பதும் இதுதான். இதே வேலைக்கு இப்போது பலருக்கு எலும்பில் மினி ஸ்க்ரூ வைக்கிறார்கள், அது உங்களுக்குச் சரிவருமா என்று ஆரம்பத்திலேயே கேட்டுவிடுங்கள், கேட்பதில் தவறே இல்லை.

மாட்டும்போது கம்பியின் இரண்டு முனையையும் மேல் கடைவாய்ப் பல்லில் இருக்கும் டியூபுக்குள் நுழைத்துவிட்டு, அதற்கப்புறம் கழுத்துப் பட்டையைக் கொக்கியில் மாட்ட வேண்டும். கழற்றும்போது அப்படியே தலைகீழ்: முதலில் பட்டை, இரண்டு பக்கமும், பிறகுதான் கம்பி. தூக்கக் கலக்கத்தில் பட்டையோடு சேர்த்து இழுத்தால் கம்பி வெளியே வந்து ஸ்பிரிங் போலத் திரும்பி அடிக்கும், முனை கண்ணில் படலாம், எச்சில் பட்ட கம்பி என்பதால் கிருமித் தொற்றும் சேரும், பார்வையே போனவர்கள் உண்டு. இழுத்தால் தானே விடுபடும் பாதுகாப்புப் பட்டை இருக்கிறது, அதுதானா உங்களுடையது என்று கேட்டு உறுதி செய்யுங்கள். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் ஹெட்கியரோடு தூக்காதீர்கள். எங்கள் பையனுக்கு அப்போது ஒரு வயது, பளபளவென்று எதைப் பார்த்தாலும் கை நீட்டுவான், அதனால் அவன் தூங்கிய பிறகுதான் மாட்டுவேன்.

நேரம்தான் இதில் எல்லாமே. பொதுவாக ஒரு நாளைக்கு 12 முதல் 14 மணி நேரம் சொல்வார்கள். வேலைக்குப் போகிறவர் 11 மணிக்குப் படுக்கும்போது மாட்டினால் 7 மணி நேரம்கூடத் தேறாது. அதனால் இரவுச் சாப்பாட்டை 7 மணிக்கு முடித்து, பல் துலக்கி, ஏழரைக்கு மாட்டிவிட்டால் காலை ஏழரைக்கு 12 மணி நேரம் ஆகிவிடும். போன் பேச வேண்டியதை அதற்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள். மாட்டிய நேரம், கழற்றிய நேரம் இரண்டையும் காலண்டரில் எழுதி வையுங்கள், ஞாபகத்தை நம்பினால் எப்போதும் கூடுதலாகத்தான் தோன்றும்.

முதல் மூன்று நான்கு நாள் வலிக்கும், காலையில் கழற்றிவிட்டு இட்லியைக் கடித்தால்கூடக் கடைவாயில் சுருக்கென்று இருக்கும். ரசம் விட்டுக் குழையப் பிசைந்த சாதம், தயிர் சாதம் போதும், தேவைப்பட்டால் டாக்டரிடம் கேட்டு பாராசிட்டமால். வலிக்கிறதே என்று இரண்டு நாள் விட்டுவிடாதீர்கள், மறுபடி மாட்டும்போது அதே வலி முதலிலிருந்து வரும்.

தூக்கம் இன்னொரு பாடு. மல்லாந்து படுப்பது நல்லது, குப்புறப் படுக்கவே கூடாது. நம் ஊர் வெயிலில் கழுத்துப் பட்டை வியர்வையில் ஊறி அரிக்கும், உள்பக்கம் மெல்லிய பருத்தித் துணி வைத்துக்கொண்டால் தாங்கலாம். இரண்டாவது பட்டை ஒன்று கேட்டு வாங்கினால் ஒன்றைத் துவைத்துக் காயப்போட்டு மற்றதை மாட்டலாம். உதட்டோரம் உரசினால் வாசலின், கன்னத்தின் உள்ளே குத்தினால் கிளிப்புக்குக் கொடுக்கும் மெழுகு.

வீட்டில் இருப்பவர்களிடம் முதல் நாளே போட்டுக் காட்டிவிடுங்கள். நான் ஒரு வாரம் கதவைச் சாத்திக்கொண்டு மாட்டினேன், அந்த வாரம் ஒரு நாளும் 8 மணி நேரத்தைத் தாண்டவில்லை. இரவு பஸ் பயணத்தில் மட்டும் வேண்டாம், திடீர் பிரேக்குக்கு முகத்தில் கம்பி இருக்கக் கூடாது, டப்பாவில் போட்டு எடுத்துப் போங்கள்.

கடைவாய்ப் பல் லேசாக ஆடுவது சகஜம். ஆனால் பல்லைச் சுற்றிய பேண்ட் கழன்றாலோ, கம்பி டியூபுக்குள் போகாவிட்டாலோ, காலையில் அது தானாகக் கழன்று தலையணையில் கிடந்தாலோ, நீங்களே வளைத்துப் பார்க்காமல் அன்றைக்கே டாக்டருக்குப் போன் செய்யுங்கள், அவர் பார்க்கும் வரை மாட்ட வேண்டாம்.