கண்மலர் டையை கை பிரஸ்ஸில் பொருத்தும் முறை

போன மாசியில் வில்லாபுரத்துத் தம்பி ஒருவர், கோயிலில் காணிக்கையாகப் போடும் தகட்டுக் கண்ணான கண்மலரை வெட்ட, பழைய கை பிரஸ் (கைப்பிடியைச் சுற்றித் தகட்டை வெட்டும் இயந்திரம்) ஒன்றை வாங்கி வீட்டு முன்னறையில் போட்டார். மூன்றாம் நாளே போன் வந்தது. "அக்கா, டை நல்லாத்தான் இறுக்கியிருக்கேன், வெட்டவும் வெட்டுது. ஆனா ஒரு பக்கம் மட்டும் பிசிர் அடிக்குது." போய்ப் பார்த்தேன். மேலிருந்து இறங்கி வெட்டும் பஞ்சை (punch), அதைத் தாங்கி ஏறி இறங்கும் ராமில் மாட்டி, பஞ்சு நுழையும் கண் வடிவ ஓட்டையுள்ள டையைக் கண் மதிப்பில் நடுவில் வைத்து, நாலு போல்ட்டையும் ஒரே மூச்சில் முறுக்கியிருந்தார். புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் செய்கிறார்கள். நானும் செய்தேன், ஒரு டையின் ஓரத்தை உடைத்தேன்.

மதுரை அனுப்பானடியில் எங்கள் வீட்டிலேயே பட்டறை. அப்பா போட்ட பிரஸ்தான் இன்னும் ஓடுகிறது. தெப்பக்குளம் மாரியம்மன் கோயில் பக்கத்துக் கடைகளுக்கும், புது மண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய கடைகளுக்கும் கண்மலர் கொடுக்கிறேன். பித்தளைத் தகட்டிலும் வெட்டுவேன், ஆர்டர் வந்தால் வெள்ளியிலும் வெட்டுவேன்.

இந்த வேலையில் சிரமம் தகட்டின் மெலிவுதான். நான் வெட்டும் பித்தளை 0.3 மில்லிமீட்டர். பித்தளைக்கு பஞ்சுக்கும் டைக்கும் நடுவே ஒரு பக்கத்துக்குத் தகட்டுக் கனத்தில் சுமார் 5 சதவீதம் இடைவெளி விடுவார்கள். கணக்குப் போட்டால் 0.015 மில்லிமீட்டர் வருகிறது. நாம் எழுதும் வெள்ளைத்தாள் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் கனம். அந்தத் தாளில் ஆறில் ஒரு பங்குகூட இல்லாத சந்து, சுற்றிலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். கண்ணால் பார்த்து இதை வைக்க யாராலும் முடியாது. டை எங்கே உட்கார வேண்டும் என்பதை பஞ்சுதான் சொல்ல வேண்டும்.

முதலில் பிரஸ்ஸைப் பாருங்கள். ராமைப் பாதி இறக்கி, கீழ் முனையை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும், இடமும் வலமும் அசையுங்கள். 'டக் டக்' என்று கைக்குத் தெரிந்தால் ராம் ஓடும் வழியில் தேய்மானம் இருக்கிறது. பக்கவாட்டு ஜிப் ஸ்க்ரூவைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, ராம் சிக்காமல் இறங்கும் அளவில் பூட்டு நட்டைப் போடுங்கள். ஆட்டமுள்ள ராமில் எவ்வளவு கவனமாக டை வைத்தாலும் பத்து வெட்டுக்குள் கெட்டுவிடும். அப்புறம் மேடையையும் டையின் அடிப்பக்கத்தையும் துணியால் துடையுங்கள். ஒரு சின்ன உலோகத் துணுக்கு அடியில் மாட்டினால் டை சாய்ந்து உட்காரும்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். டை வைக்கும்போது பிரஸ்ஸின் கைப்பிடியைக் கயிறு போட்டுத் தூணோடு கட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் மேலே இருக்கும் குண்டுகளின் பாரத்தில் கைப்பிடி தானாகச் சுற்றி ராம் இறங்கிவிடும், விரல் அடியில் இருக்கும். கைப்பிடி சுற்றிவரும் வட்டத்தை எங்கள் வீட்டுத் தரையில் மஞ்சள் பெயின்டால் வரைந்திருக்கிறோம். அதற்குள் பிள்ளைகள் காலே வைக்க மாட்டார்கள்.

சரி, இப்போது பஞ்சை ராமில் ஏற்றி அதன் ஸ்க்ரூவை முழுசாக இறுக்குங்கள். பஞ்சு ஆடக்கூடாது. டையை மேடையில் வையுங்கள், அதை மேடையோடு அழுத்திப் பிடிக்கும் கிளாம்புகளைப் பிடியும் பிடியாததுமாகப் போடுங்கள். கிளாம்பின் வால் பக்கத்துக்குக் கொடுக்கும் கட்டை, டையின் உயரத்துக்குச் சமமாகவோ ஒரு நூல் கூடவோ இருக்கட்டும். கட்டை தாழ்ந்தால் கிளாம்பு டையின் ஓரத்தில் மட்டும் கடிக்கும், போல்ட்டை இறுக்க இறுக்க டை நகரும்.

இனி கயிற்றை அவிழ்த்து, கைப்பிடியை ஒரு கையால் பிடித்தபடியே ராமை மெல்ல இறக்குங்கள். வேகமே வேண்டாம். பஞ்சின் முனை டையின் வாயைத் தொடும்போது இன்னொரு கையால் டையின் வெளிப்பக்கத்தைப் பிடித்து லேசாக ஆட்டிக்கொடுங்கள். ஒரு இடத்தில் பஞ்சு வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். அந்த வழுக்கலைக் கை ஒரு தடவை உணர்ந்துவிட்டால் பிறகு மறக்காது. பஞ்சை ஒரு மில்லிமீட்டர் உள்ளே விட்டு அப்படியே நிறுத்துங்கள். பஞ்சு உள்ளே இருக்கும்போதுதான் போல்ட்டை இறுக்க வேண்டும். முன்னிடது, பின்வலது, முன்வலது, பின்னிடது என்று குறுக்காக, ஒவ்வொன்றுக்கும் கால் சுற்று. இப்படி நாலு முறை வந்தால் போதும். ஒரே போல்ட்டை முழுசாக இறுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போனதில்தான் அன்று என் டை நகர்ந்து, பஞ்சு ஓரத்தில் ஏறி, கண்ணின் கடைமுனை தெறித்துப் போனது.

இறுக்கியதும் ராமை ஏற்றுங்கள். நான் இந்த இடத்தில் கண்மை எடுப்பேன். விளக்குக் கரியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்த மை. பஞ்சின் ஓரம் முழுக்க விரலால் மெல்லியதாகத் தடவி, கையாலேயே ஒரு தடவை இறக்கி ஏற்றுவேன். டையின் உள்சுவரில் ஒரு பக்கம் மட்டும் மை அழுந்தியிருந்தால் பஞ்சு அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது. மையைத் துடைத்துவிட்டு அடுத்து ஒரு தாளை வைத்து வெட்டுங்கள். தாள் சுற்றிலும் கத்தரித்த மாதிரி விழ வேண்டும். எங்கே நார் தொங்குகிறதோ அங்கே சந்து அதிகம்.

தாளில் தேறினால் தகடு. பட்டையில் எந்தப் பக்கம் உங்களைப் பார்க்கிறது என்று ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் விழுந்த துண்டில் இடம் வலம் தெரியாது. விழுந்த துண்டின் பிசிர் பஞ்சு பட்ட பக்கம், அதாவது மேல்பக்கம் இருக்கும். இடது ஓரத்தில் மட்டும் பிசிர் என்றால் இடது பக்கம் சந்து அதிகம், டை வலதுபுறம் நகர வேண்டும். போல்ட்டை அரைப்பிடிக்குத் தளர்த்தி, பித்தளைக் கம்பியை டையில் வைத்து மரச்சுத்தியலால் ஒரே ஒரு தட்டு. திரும்பவும் குறுக்காக இறுக்கி, திரும்பவும் தாள். வில்லாபுரத்துத் தம்பியின் டைக்கு மூன்று தட்டு தேவைப்பட்டது. சுற்றிலும் சமமாகப் பிசிர் அடித்தால் டையை நகர்த்தி ஒரு பயனும் இல்லை. ஓரம் மழுங்கிவிட்டது, கிரைண்டிங்குக்குக் கொடுங்கள்.

பஞ்சு எவ்வளவு ஆழம் இறங்கலாம் என்று வைக்க, பிரஸ்ஸின் மேலே ஸ்டாப் இருக்கிறது, ராமைத் தடுத்து நிறுத்தும் நட்டு. வெட்டும் டைக்கு பஞ்சு தகட்டைத் தாண்டி அரை மில்லிமீட்டர் போனால் போதும். ஆழமாகப் போகப் போக ஓரம் வீணாகத் தேயும்.

கண்மணியும் இமையும் எழும்ப அழுத்தும் அச்சு டைக்கு இந்த ஸ்டாப்தான் உயிர். பிரஸ் ஸ்க்ரூவின் மரை சரிவானது, கைப்பிடி கொஞ்சம் சுற்றினாலே ராம் நிறைய இறங்கும். அதனால் உயரமாகத் தொடங்கி, வெட்டிய துண்டை வைத்து அழுத்திப் பார்த்து, ஸ்டாப் நட்டைச் சிறுகச் சிறுக இறக்குங்கள். கண்மணியின் வட்டம் தெளிவாக விழுந்ததும் நிறுத்துங்கள். அதற்கும் கீழே போனால் கண்ணின் கடைமுனையில் மயிரிழைக் கீறல் தெரியும். பித்தளை கடினமாக இருந்தாலும் அதே இடத்தில்தான் கிழியும். அப்படியென்றால் ஸ்டாப்பைத் தொடாதீர்கள், துண்டுகளை மங்கிய சிவப்பு வரும்வரை சுட்டு ஆறவிட்டு அழுத்துங்கள். வெள்ளியும் அப்படித்தான்.

ஓட்டம் தொடங்கியதும் ஐம்பது துண்டுக்கு ஒன்றை எடுத்து அதன் ஓரத்தைப் பருத்திப் பஞ்சுத் திரியில் இழுத்துப் பார்க்கிறேன். நூல் மாட்டக்கூடாது. கண் நோவு தீர வேண்டும் என்று கைக்குழந்தையின் முகத்தைச் சுற்றி எடுத்து உண்டியலில் போடுகிற பொருள் இது. அந்தக் குழந்தையின் கன்னத்தில் கீறக்கூடாது.

கிரைண்டிங் போய் வந்த டை முன்பு இருந்ததைவிடத் தாழ்ந்திருக்கும். பழைய ஸ்டாப் குறியை நம்பி வெட்டினால் துண்டு அறுபடாமல் தொங்கும், அதனால் ஸ்டாப்பை முதலிலிருந்து வையுங்கள்.