தேதி ஃபார்மேட்டரின் டூஸ்ட்ரிங்குக்கு யூனிட் டெஸ்ட் எழுதுவது எப்படி?

தேதியை எழுத்தாகவும் எழுத்தைத் தேதியாகவும் மாற்ற ஜாவா 8-இல் வந்த டேட்டைம்ஃபார்மேட்டர் வகுப்பைப் பயன்படுத்தும் எவரிடமும் நான் முதலில் கேட்பது, அதன் டூஸ்ட்ரிங்கை, அதாவது தன்னைப் பற்றி அது தரும் எழுத்து விவரத்தை, அச்சிட்டுப் பார்த்தீர்களா என்பதைத்தான். தேதியைக் கொடுத்துப் பார்த்தால் விடை மட்டுமே தெரியும். அந்த விடை எங்கிருந்து வருகிறது என்பதை டூஸ்ட்ரிங் சொல்லிவிடும்.

தேதியின் வடிவத்தைச் சொல்லும் பேட்டர்னில் ஆண்டுக்கு நான்கு சிறிய ‘ஒய்’ போட்டால் டூஸ்ட்ரிங்கில் ‘இயர்ஆஃப்எரா’ (சகாப்தத்தோடு சேர்த்துச் சொல்லும் ஆண்டு) என்று வரும். நான்கு சிறிய ‘யு’ போட்டால் ‘இயர்’. நான்கு பெரிய ‘ஒய்’ போட்டால் ‘வீக்பேஸ்டுஇயர்’ (வாரக் கணக்கில் எண்ணும் ஆண்டு). ஜூன் மாதத் தேதிக்கு மூன்றும் ஒரே ஆண்டைத்தான் காட்டும். 2024 டிசம்பர் 31-ஐக் கொடுங்கள், பெரிய ‘ஒய்’ 2025 என்று அச்சிடும்! பில்லில் இப்படி ஓர் ஆண்டு மாறினால் வாடிக்கையாளருக்கு யார் பதில் சொல்வது? டூஸ்ட்ரிங்கில் ‘வீக்பேஸ்டுஇயர்’ இல்லை என்று ஒரு வரி டெஸ்ட் எழுதுங்கள். எந்த மாதத்தில் ஓடினாலும் பிடித்துவிடும். ஸ்ட்ரிக்ட் (கண்டிப்பான) முறையில் தேதியைப் படிப்பதாக இருந்தால் ‘இயர்ஆஃப்எரா’வும் இருக்கக் கூடாது. சகாப்தம் எது (கி.மு.வா, கி.பி.யா) என்று தெரியாமல் லோக்கல்டேட் என்ற தேதிப் பொருள் உருவாகாது.

டூஸ்ட்ரிங் தரும் முழுச் சரத்தையும் (எழுத்துத் தொடரையும்) எழுத்துக்கு எழுத்து ஒப்பிடாதீர்கள். உள்ளிருக்கும் ஃபார்மேட்டர்களின் விவரம் என்று மட்டுமே ஆவணம் சொல்கிறது. அதன் வடிவத்துக்கு உறுதி எதுவும் தரவில்லை. உங்களுக்கு முக்கியமான பகுதிகளை மட்டும் தேடினால் போதும்.

இன்னொன்று, டூஸ்ட்ரிங் எல்லாவற்றையும் காட்டுவதில்லை. லோகேல் (மொழி, நாட்டு அமைப்பு), நேர மண்டலம், ஸ்ட்ரிக்டா இல்லையா என்பது எதுவும் அதில் வராது. மாதத்துக்கு மூன்று ‘எம்’ போட்ட தமிழ் ஃபார்மேட்டரும் ஆங்கில ஃபார்மேட்டரும் அச்சடித்தாற்போல ஒரே சரத்தைத்தான் தரும். இந்த வகுப்புக்கெனத் தனி ஈக்வல்ஸ் (இரண்டும் சமமா என்று பார்க்கும் மெத்தட்) இல்லாததால் பலரும் டூஸ்ட்ரிங்கை வைத்தே ஒப்பிடுகிறார்கள், அது ஆபத்து. இந்த விவரங்களைத் தரும் கெட்லோகேல், கெட்ஸோன், கெட்ரிசால்வர்ஸ்டைல் மூன்றையும் தனித்தனியே சோதியுங்கள்.

ஃபார்மேட்டரைச் சுற்றி உங்கள் சொந்த வகுப்பு இருந்தால் வேலை எளிது. அதன் டூஸ்ட்ரிங்கில் பேட்டர்ன், லோகேல், மண்டலம் மூன்றையும் நீங்களே எழுதுங்கள். வடிவம் உங்கள் கையில் இருப்பதால் இங்கே முழுச் சரத்தையும் தாராளமாக ஒப்பிடலாம். லோகேலை டெஸ்டிலேயே வெளிப்படையாகக் கொடுங்கள். இயந்திரத்தின் இயல்பு அமைப்பை நம்பினால் உங்கள் கணினியில் தேறும் டெஸ்ட் சர்வரில் விழும். ஒரே பேட்டர்ன், இரண்டு லோகேல் என்று கொடுத்துச் சரங்கள் வேறுபடுகின்றனவா என்று பாருங்கள். மண்டலம் கொடுக்காத ஃபார்மேட்டரில் மண்டலம் ‘null’ (மதிப்பு எதுவும் இல்லை) என்றுதான் இருக்கும். அதற்கும் ஒரு டெஸ்ட் வேண்டும்.