குடும்ப மருத்துவரையும் சிறப்பு மருத்துவரையும் எப்படி மதிப்பிடுவது?

வடசென்னையில் ஒரு மருத்துவரைப் பற்றி விசாரித்தால், "கைராசிக்காரர், ஒரே ஊசியில் காய்ச்சல் நின்றுவிட்டது" என்ற பாராட்டை அடிக்கடி கேட்கலாம். ஆனால் வைரஸ் காய்ச்சல்களில் பெரும்பாலானவை ஊசி போட்டாலும் போடாவிட்டாலும் சில நாட்களில் தாமாகவே தணிந்துவிடும் என்பதால், அதை வைத்து மருத்துவரின் திறமையை அளக்க முடியாது. வியாசர்பாடியில் 1973 முதல் இரண்டு ரூபாய்க்கும், பின்னர் ஐந்து ரூபாய்க்கும் வைத்தியம் பார்த்து 2020-இல் மறைந்த டாக்டர் திருவேங்கடத்தின் மீது மக்கள் வைத்திருந்த நம்பிக்கை, அவர் பல்லாண்டுகள் அதே மக்களோடு இருந்ததனால் விளைந்தது. குடும்ப மருத்துவரை மதிப்பிடுவதற்கு அந்தத் தொடர்ச்சியே முதல் அளவுகோல். சிறப்பு மருத்துவருக்கு அது பொருந்தாது.

குடும்ப மருத்துவரை ஒரே வருகையில் எடைபோடாமல், ஓராண்டாவது கவனியுங்கள். இரத்த அழுத்தம் பார்க்கும்போது, படியேறி வந்த மூச்சு அடங்குவதற்குள் சட்டைக் கையின் மேலேயே பட்டையைச் சுற்றுகிறாரா, அல்லது ஐந்து நிமிடம் அமர வைத்து, கையை மேசை மீது தாங்கலாக வைக்கச் சொல்லி அளக்கிறாரா என்று பாருங்கள். சர்க்கரை நோய் உள்ளவர் என்றால், மூன்று மாதச் சராசரி காட்டும் எச்.பி.ஏ.1.சி பரிசோதனையைக் கேட்கிறாரா, ஆண்டுக்கு ஒருமுறையாவது செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தைத் தொட்டுப் பார்க்கிறாரா, கண் பரிசோதனைக்கு அனுப்புகிறாரா என்பவை மிக முக்கியம்.

இவை எல்லாவற்றையும்விட நான் பெரிதாக மதிப்பது, வீட்டில் உள்ள அத்தனை மாத்திரைகளையும் ஒரு பையில் கொண்டுவரச் சொல்லும் மருத்துவரைத்தான். மூட்டுவலிக்கு ஒருவர் டோலோ எழுதியிருப்பார், காய்ச்சலுக்கு வேறொருவர் கால்பால் எழுதியிருப்பார். இரண்டும் பாராசிட்டமால்தான் என்பதை அறியாமல் இரட்டை அளவு விழுங்கிக்கொண்டிருக்கும் நோயாளியைக் காப்பாற்றுவது, அட்டைகளை மேசையில் பரப்பி ஒவ்வொன்றாகப் படிக்கும் அந்தப் பொறுமையே. தேவையில்லாத ஆன்டிபயாட்டிக்கை நீங்கள் கேட்டும் எழுத மறுத்தால், அதையும் அவருடைய நற்கணக்கில் சேருங்கள்.

சிறப்பு மருத்துவரிடம் நாம் ஒரு குறிப்பிட்ட கேள்வியோடு போகிறோம். ஆகவே அந்தக் கேள்விக்குத் தெளிவான விடை கிடைத்ததா என்பதே அளவுகோல். அறுவை சிகிச்சை ஏன் தேவை, தள்ளிப்போட்டால் என்ன ஆகும், வேறு வழி உண்டா என்று கேட்டால் முகம் சுளிக்காமல் விளக்குகிறாரா? ஏற்கெனவே சாப்பிடும் மருந்துகளைப் பார்த்த பிறகுதான் புதியவற்றை எழுதுகிறாரா? உங்களை அனுப்பிய மருத்துவருக்குத் தாம் கண்டறிந்ததை நாலு வரியாவது எழுதித் தருகிறாரா? குளிரூட்டிய அறையும் பெயருக்குப் பின்னால் நிற்கும் பட்டங்களும் இவற்றுக்கு ஈடாகா.

ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் முதலில் பட்டமேற்படிப்பு மாணவர் பரிசோதிப்பது வழக்கம்; அதைக் குறையாகக் கருதாமல், அவர் கண்டதை மூத்த மருத்துவர் சரிபார்க்கிறாரா என்று கவனியுங்கள். அங்கே ஒவ்வொரு யூனிட்டுக்கும் தனித்தனி ஓ.பி. நாள் உண்டு என்பதால், யூனிட்டையும் நாளையும் குறித்து வைத்துக்கொண்டால் மறுமுறையும் அதே குழுவிடம் போகலாம். மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவர் மாறுதலாகிச் செல்லக்கூடும். அங்கே உங்கள் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் பேசுகிறாரா என்பதை வைத்து மதிப்பிடுங்கள்.

காத்திருந்த நேரம், கழிப்பறை, டோக்கன் கொடுப்பவரின் பேச்சு ஆகியவற்றைத் தனியாக எழுதுங்கள். அந்தக் கோபம் மருத்துவரின் மதிப்பெண்ணில் கலந்துவிட வேண்டாம். நினைவை மட்டும் நம்பாமல், மருந்துச் சீட்டுகளையும் அறிக்கைகளையும் தேதி வாரியாக ஒரே கோப்பில் வையுங்கள். உள்நோயாளியாக இருந்தவர் ஆவணங்களைக் கேட்டால், 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளின்படி 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். எழுத்து மூலமாகவே கேளுங்கள்.