பொமரேனியனுக்குச் சடை விழாமல் சீவுவது எப்படி

சடை மேலே விழுவதில்லை. தோலை ஒட்டி அடியில்தான் ஆரம்பிக்கும். நாயின் முதுகைத் தடவிப் பார்த்தால் வழுவழுவென்று இருக்கும். முடிக்குள் விரலை விட்டு அடிவரை துழாவினால்தான் கட்டியாக ஏதோ தட்டுப்படும். தினமும் பிரஷ் போட்டும் சடை விழுகிறது என்று வருத்தப்படுகிறவர்களின் நாயைத் தொட்டுப் பார்த்தால் பெரும்பாலும் இந்தக் கதைதான். மேல்முடி பளபளவென்று இருக்கும், அடியில் பிரஷ் போயிருக்காது.

எங்கள் வீட்டுச் சிட்டு ஒரு பொமரேனியன். இந்த இனத்துக்கு முடி இரண்டு அடுக்கு. வெளியே நீளமான, கொஞ்சம் விறைப்பான மேல்முடி. உள்ளே மெத்தென்ற குட்டையான உள்முடி. உள்முடி உதிரும்போது எல்லாமே தரையில் விழுந்துவிடாது. பாதி மேல்முடிக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். அதன்மேல் உராய்வும் ஈரமும் சேர்ந்தால் முதலில் சிடுக்காகும், அப்புறம் திரிதிரியாகி, கடைசியில் சடையாக இறுகிவிடும். ஆக, உதிர்ந்த உள்முடியை அது இறுகுவதற்கு முன்னால் வெளியே எடுப்பதுதான் நம் வேலை.

இதற்குப் பெரிய சாமான்கள் வேண்டாம். மெல்லிய கம்பிகள் நெருக்கமாக இருக்கும் ஸ்லிக்கர் பிரஷ் ஒன்று, ஒரு பக்கம் அகலப் பல்லும் மறுபக்கம் நெருக்கப் பல்லும் உள்ள உலோகச் சீப்பு ஒன்று, தண்ணீர் தெளிக்க ஒரு ஸ்ப்ரே பாட்டில். பாட்டிலில் தண்ணீரோடு நாய்களுக்கான கண்டிஷனர் சில சொட்டு கலந்துகொள்ளுங்கள். காய்ந்த முடியை அப்படியே வாரினால் முடி ஒடியும். ஒடிந்த முனைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். லேசாகப் பனி படிந்த மாதிரி தெளித்தால் போதும், நனைக்கக் கூடாது. ஸ்லிக்கரை நாயின் மேல் வைக்கும் முன் உங்கள் முழங்கையின் உட்பக்கம் இழுத்துப் பாருங்கள். உங்களுக்குக் கீறினால் அதற்கும் கீறும். ஒரே இடத்தில் அழுத்தித் தேய்த்துக்கொண்டே இருந்தால் தோல் சிவந்து புண்ணாகிவிடும்.

சரி, சீவும் முறைக்கு வருவோம். நாயை ஒருக்களித்துப் படுக்கவைத்து, பின்னங்காலின் அடியிலிருந்து தொடங்குங்கள். இடது கையால் முடியை மேல்நோக்கி ஒதுக்கிப் பிடித்தால், தலைக்கு வகிடு எடுத்தது போல ஒரு கோட்டில் தோல் வெள்ளையாகத் தெரியும். அந்தக் கோட்டிலிருந்து ஒரு சின்ன அடுக்கு முடியை மட்டும் கீழே விட்டு, தோலுக்கு மிக அருகில் பிரஷை வைத்து நுனிவரை இழுங்கள். அப்புறம் விரலை ஒரு மயிரிழை மேலே நகர்த்தி அடுத்த அடுக்கு. இப்படியே தொடை, விலா, தோள் என்று மேலே ஏறிப் போக வேண்டும். தோல் கோடு கண்ணுக்குத் தெரியாவிட்டால் அடிவரை போகவில்லை என்று அர்த்தம். ஒவ்வொரு பகுதியும் முடிந்ததும் சீப்பை அடியிலிருந்து விட்டுப் பாருங்கள். முதலில் அகலப் பல், பிறகு நெருக்கப் பல். எங்கேயும் தடுக்காமல் வெளியே வந்தால்தான் அந்த இடம் முடிந்தது. பிரஷ் சிடுக்கின் மேலேயே வழுக்கிக்கொண்டு போய்விடும். சீப்பு அப்படிப் போகாது.

முதுகைவிட அதிகக் கவனம் வேண்டிய இடங்கள் உண்டு. முன்னங்காலின் அக்குள், தொடை இடுக்கு, வாலின் அடி, கழுத்துப்பட்டையும், மார்பைச் சுற்றி மாட்டும் வாரான ஹார்னெஸும் உரசும் பகுதி. எல்லாவற்றையும்விட மோசம் காதின் பின்புறம். அங்கே முடி பூனைமுடி மாதிரி மெல்லியது. நாய் பின்னங்காலால் சொறிகிற இடமும் அதுதான். நேற்று சுத்தமாக இருந்த இடத்தில் இன்று பட்டாணி அளவுக்கு ஒரு கட்டி இருக்கும். உடம்பு முழுக்க வாரம் மூன்று நான்கு முறை சீவினாலும், காதின் பின்புறத்தையும் அக்குளையும் தினமும் விரலால் தடவிப் பாருங்கள். நடந்துவிட்டு வந்தவுடன் ஹார்னெஸைக் கழற்றிவிடுங்கள். இது ஒன்றே அக்குள் சடையைப் பெரிதும் குறைக்கும்.

சின்னக் கட்டி கிடைத்தால் முதலில் விரல்தான். கட்டியின் அடியை, தோலுக்கும் அதற்கும் நடுவில், இரண்டு விரலால் இறுக்கிப் பிடியுங்கள்; இழுப்பு தோலுக்குப் போகாது. மறுகையால் கட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து, நுனியிலிருந்து சீப்பு போடுங்கள். வழுக்க மறுத்தால் ஒரு சிட்டிகை கார்ன்ஃப்ளவர் தூவிப் பிரிக்கலாம்.

குளிப்பாட்டும் முன் முழுக்கச் சிக்கெடுத்தே ஆக வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. தண்ணீர் பட்ட சிடுக்கு காய்ந்தால் கல்லாக இறுகிவிடும். ஷாம்பூவை வட்டமாகத் தேய்க்காமல், முடி போகும் திசையில் கையால் பிழிந்தபடி போடுங்கள். நுரை துளியும் தங்காமல் அலசுங்கள். துண்டால் துவட்டித் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். பிறகு மிதமான சூட்டில் ட்ரையர் காட்டிக்கொண்டே, மறுபடியும் வகிடு வகிடாகப் பிரஷ் போட்டு அடிவரை காயவையுங்கள். மேலே காய்ந்து உள்முடி ஈரமாகவே இருந்தால் சடை மட்டுமல்ல, தோலில் புண்ணும் வரும்.

குட்டிமுடி உதிர்ந்து பெரிய நாயின் முடி முளைக்கும் மாதங்களில் சடை அதிகமாகத்தான் விழும். அப்போது தினமும் சீவுங்கள். எவ்வளவு சீவியும் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழுந்தால், அங்கே நாய் சொறிகிறதா என்று பாருங்கள். தெள்ளுப்பூச்சி, ஒவ்வாமை, காது நோய் எதுவானாலும் காரணத்துக்கு மருந்து பார்க்காமல் சீப்பு மட்டும் உதவாது.

இவ்வளவு தொல்லை எதற்கு, மொட்டையடித்துவிடலாமே என்று பொமரேனியனுக்கு யோசனை சொல்வார்கள். வேண்டாம். ஒட்ட வழித்தால் சில நாய்களுக்கு முடி பழையபடி வளர வெகுகாலம் ஆகும், சிலவற்றுக்குச் சரியாக வளராமலே போகும். ஷிட்சூ, லாசா ஆப்சோ போன்ற வேறு நீளமுடி நாய் இனங்களுக்குத்தான் குட்டையாக வெட்டிவிடுவது நல்ல வழி.

தோலோடு ஒட்டிப் படையாக இறுகிவிட்ட சடையை வீட்டில் சீவி எடுக்க முயல வேண்டாம், நாய்க்கு உயிர் போகிற வலி. கத்தரிக்கோலையும் அதில் நுழைக்காதீர்கள். தோல் சடைக்குள் மடிந்து ஏறியிருக்கும், எது முடி எது தோல் என்று தெரியாமல் வெட்டுப்பட்டுவிடும். கால்நடை மருத்துவரிடமோ நாய்க்கு முடி வெட்டிப் பழகிய க்ரூமரிடமோ கொண்டுபோய் மெஷினில் எடுக்கச் சொல்லுங்கள். தொங்கும் காதுள்ள நாய்க்குக் காதில் சடை எடுத்திருந்தால், அது தலையை ஓயாமல் உதறுகிறதா என்று கவனியுங்கள். காது மடல் உப்பி மெத்தென்று இருந்தால் உள்ளே இரத்தம் கட்டியிருக்கலாம். தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.