குறைமாவு உணவுமுறைக்கு முதல் புத்தகம் வாங்குமுன்

மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிடுவது என்று முடிவெடுத்தவர்களில் பலர் அடுத்த நாளே புத்தகம் தேடத் தொடங்குகிறார்கள். தேடினால் கிடைப்பவற்றுக்குக் கணக்கில்லை. இலண்டனில் ஈமக்கிரியை ஏற்பாட்டாளராகத் தொழில் நடத்திய வில்லியம் பேன்டிங், மருத்துவர் சொன்னபடி ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கு, பீர் ஆகியவற்றைக் கைவிட்டு உடம்பு இளைத்த கதையை 1863-இல் ஒரு சிறு பிரசுரமாக வெளியிட்டார். அன்று தொடங்கிய வரிசை இன்றுவரை நீண்டுகொண்டே போகிறது. இவற்றுள் பல, வாசகரை நம்ப வைப்பதற்காக எழுதப்பட்டவை. ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டவருக்கு அந்த வேலை தேவையில்லை. இன்றிரவு தட்டில் என்ன வைப்பது, விழுங்கிக்கொண்டிருக்கும் மாத்திரையை என்ன செய்வது என்ற இரண்டு கேள்விகளுக்குத்தான் அவருக்கு விடை வேண்டும். புத்தகத்தையும் அவற்றைக் கொண்டே சோதிக்கலாம்.

மாத்திரையிலிருந்து தொடங்குவது நல்லது. கடையில் புத்தகத்தைக் கையில் எடுத்ததும் முன்னுரையைப் படிக்காமல், மருந்துகளைப் பற்றித் தனி அத்தியாயம் இருக்கிறதா என்று பொருளடக்கத்தில் பாருங்கள். இன்சுலின் போட்டுக்கொள்பவரும், கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு போன்ற மாத்திரை எடுப்பவரும், மருந்தின் அளவை அப்படியே வைத்துக்கொண்டு சோற்றை மட்டும் குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடக்கூடும். இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவருக்கு அதேபோல் அழுத்தம் அளவுக்கு மீறித் தாழ்ந்துவிடக்கூடும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் முதலியவை சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் மாத்திரைகள். இவற்றை எடுத்துக்கொண்டே மாவுச்சத்தைக் கடுமையாகக் குறைத்தால் இரத்தத்தில் அமிலம் கூடும் கீட்டோஅசிடோசிஸ் என்னும் ஆபத்தான நிலை வரும் வாய்ப்பு கூடுகிறது. அப்போது குளுக்கோமீட்டர் பெரிய எண் எதையும் காட்டாமலே இருக்கலாம். இம்மருந்துகளால் கீட்டோஅசிடோசிஸ் வரலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2015-இல்தான் எச்சரித்தது. ஆகவே அதற்கு முன் அச்சான புத்தகத்தில் இதை எதிர்பார்க்க முடியாது. பழைய புத்தகக் கடையில் மலிவாகக் கிடைத்தாலும் பதிப்பு ஆண்டைப் பார்த்து வாங்கச் சொல்வது இதனால்தான். கர்ப்பிணிகள், தாய்ப்பால் ஊட்டுவோர், சிறுநீரக நோயாளிகள் ஆகியோருக்கு ஒரு வரியும் ஒதுக்காத புத்தகத்தைத் திரும்ப அலமாரியில் வைத்துவிடலாம். ஒதுக்கியிருந்தாலும், மருந்தின் அளவை மாற்றுவது உங்கள் மருத்துவரின் வேலையே தவிர புத்தகத்தின் வேலை அன்று.

அடுத்தபடியாக, நாளொன்றுக்கு எத்தனை கிராம் என்பதை ஆசிரியர் வெளிப்படையாகச் சொல்கிறாரா என்று பார்க்க வேண்டும். 'குறைந்த மாவுச்சத்து' என்ற ஒரே பெயரில் 20 கிராமும் விற்கப்படுகிறது, 130 கிராமும் விற்கப்படுகிறது. நாளொன்றுக்கு 20 முதல் 50 கிராம் வரை என்பது, மாவுக்குப் பதில் கொழுப்பையே உடம்பு எரிக்கும்படி செய்யும் கீட்டோ வகை. 130 கிராமுக்குக் கீழே என்பது மிதமான வகை. இரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவைச் சோற்றிலேயே அளந்து பார்க்கலாம். வெந்த சோறு 100 கிராமில் ஏறத்தாழ 28 கிராம் மாவுச்சத்து இருப்பதால், 200 கிராம் சோறு கீட்டோக்காரரின் ஒரு நாள் கணக்கையே தாண்டிவிடும். 130 கிராம் கணக்கில் அதே சோறு பாதியைக்கூட எட்டாது. எண்ணைச் சொல்லாமல் 'நல்ல மாவு', 'கெட்ட மாவு' என்று மட்டும் பேசும் புத்தகம் படிக்கச் சுவையாக இருக்கலாம், பின்பற்றுவதற்கு உதவாது.

அந்தக் கிராமை எப்படி எண்ணுவது என்பதில் நானே இடறியிருக்கிறேன். அமெரிக்கப் புத்தகங்களும் அந்நாட்டு உணவுப் பொட்டலங்களும் மாவுச்சத்தின் மொத்த அளவுக்குள் நார்ச்சத்தையும் சேர்த்தே காட்டுகின்றன. அதனால்தான் அப்புத்தகங்கள் நாரைக் கழித்து 'நிகர' அளவைக் கணக்கிடச் சொல்கின்றன. ஐரோப்பிய, பிரித்தானியப் பொட்டலங்களில் நார் முன்பே கழிக்கப்பட்டுத் தனி வரியில் இருக்கும். ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 528 உணவுகளை ஆய்ந்து 2017-இல் வெளியிட்ட இந்திய உணவு அட்டவணையும் மாவுச்சத்தையும் நாரையும் தனித்தனியாகவே தருகிறது. இது தெரியாமல், அமெரிக்கப் புத்தகத்தின் விதியை நம் நாட்டு அட்டவணைமேல் பிரயோகித்து, கழித்ததையே மறுபடியும் கழித்து, ஒரு மாதம் கொத்தவரங்காயையும் வெண்டைக்காயையும் கிட்டத்தட்ட இலவசம்போலத் தின்றுகொண்டிருந்தேன். பிழையைக் காட்டிக்கொடுத்தது பாதாம். அமெரிக்கக் கணக்கில் 100 கிராம் பாதாமில் மாவுச்சத்து சுமார் 21 கிராம், அதில் நார் 12. கழித்தால் 9 மிஞ்சும். நார் கழிந்த அந்த 9-இலிருந்தே இன்னொருமுறை 12-ஐக் கழித்தால் கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே போய்விடுகிறது. தான் தரும் எண்களில் நார் சேர்ந்திருக்கிறதா இல்லையா என்பதை ஒரு வரியிலாவது சொல்லிவிடும் புத்தகத்துக்குக் கூடுதல் விலை கொடுக்கலாம்.

பெயரைப் பார்த்து வாங்குவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. தமிழ்நாட்டில் இந்த உணவுமுறை 'பேலியோ' என்ற பெயரில் பரவியதால், அதே சொல்லைத் தேடி ஆங்கிலப் புத்தகம் வாங்குகிறவர்கள் உண்டு. ஆங்கிலத்தில் பேலியோ என்பது வேளாண்மைக்கு முந்தைய மனிதர் உண்டதாகக் கருதப்படும் உணவு. அதில் பாலும் பனீரும் பொதுவாக விலக்கு, பழத்துக்கும் தேனுக்கும் பல புத்தகங்களில் இடம் உண்டு. நம்மவர் பேலியோவில் பனீரும் வெண்ணெயும் தாராளம். தேனும் பெரும்பாலான பழங்களும் விலக்கு. ஆகவே தமிழ்ப் புத்தகம் ஒன்றையும் ஆங்கிலப் புத்தகம் ஒன்றையும் ஒன்றுக்கொன்று துணையென்று வாங்கினால், இரண்டும் சண்டை பிடித்துக்கொள்ளும். 'குளூட்டன் இல்லாதது', 'சர்க்கரை சேர்க்காதது' என்ற அட்டைகளும் குறைமாவு ஆகிவிடா. கோதுமையிலுள்ள குளூட்டன் என்ற புரதம் அரிசியில் இல்லவே இல்லை, ஆனால் மாவுச்சத்து ஏராளம்.

சமையல் புத்தகத்தை அட்டைப் படத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காமல், நடுவில் ஏதேனும் மூன்று செய்முறைகளைப் படித்துப் பாருங்கள். அவற்றில் உள்ள பொருள்கள் உங்கள் தெருக் காய்கறிக் கடையிலும் மளிகைக் கடையிலும் கிடைக்க வேண்டும். மூன்றிலும் பாதாம் மாவும் மின் அடுப்பும் வந்தால் மாதக் கடைசியில் பணம் போதாது. காலிஃபிளவர் சோறு பெரும்பாலான புத்தகங்களில் இருக்கும். உறைந்த பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டச் சொல்வதோடு சில நிறுத்திக்கொள்கின்றன. பூவைத் துருவி, தண்ணீர் விடாமல், அகலமான வாணலியில் மூடாமல் மூன்று நான்கு நிமிடம் பிரட்ட வேண்டும் என்றும், மூடினால் ஆவி இறங்கிக் குழைந்துவிடும் என்றும் எழுதியிருந்தால், எழுதியவர் அதைக் கையால் செய்து பார்த்தவர் என்று நம்பலாம். சைவர்கள் பருப்பைப் பற்றிய பக்கத்தைத் தேட வேண்டும். துவரம்பருப்பு 100 கிராமில் மாவுச்சத்து 50 கிராமுக்கு மேல் இருக்க, 'பயறு வகைகளைத் தவிர்க்கவும்' என்று மேலைநாட்டுப் புத்தகம் ஒரு வரியில் கடந்துவிடும். சாம்பாரும் கூட்டும் அன்றாடம் கொதிக்கும் வீட்டில் அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பிரித்தானியப் புத்தகத்தில் இரத்தச் சர்க்கரையை 7 என்று கண்டு திகைக்க வேண்டாம். அங்குள்ள அலகில் (mmol/L) தரப்படும் எண்ணை 18-ஆல் பெருக்கினால் நம் ஆய்வுக்கூட எண், அதாவது 126, கிடைக்கும்.

ஆய்வுகளை அடுக்கும் புத்தகமாக இருந்தால், தன் கட்சிக்குச் சாதகமில்லாத ஒன்றையாவது சொல்கிறதா என்று பாருங்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் 609 பேரை ஓராண்டு தொடர்ந்து கவனித்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில், கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோவும் மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோவும் இளைத்தார்கள். இவ்வளவு சிறிய இடைவெளியைப் புள்ளியியல் கணக்கில் வேறுபாடு என்று சொல்ல முடியாது. நீரிழிவுக்காரரின் சர்க்கரையைக் குறைப்பதில் மாவுச்சத்தைக் குறைப்பதற்கே சான்று அதிகம் என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் 2019 அறிக்கை கூறியதும் உண்மைதான். இரண்டையும் ஒருங்கே சொல்லும் நேர்மை உள்ள ஆசிரியர், எல்.டி.எல். எனப்படும் கெட்ட கொழுப்பு சிலருக்கு ஏறுவதையும் மறைக்கமாட்டார். முதல் வாரத்தில் நான்கு கிலோ குறையும் என்று அட்டையில் போட்டிருந்தால், அதில் பெரும்பகுதி தண்ணீர். ஈரலிலும் தசையிலும் சேமித்துள்ள ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் (உடம்பின் சேமிப்புச் சர்க்கரை) சுமார் 3 கிராம் நீரைப் பிடித்துவைத்திருப்பதால் அது கரையும்போது நீரும் போகிறது. அப்போது உப்பும் வெளியேறித் தலைவலியும் சோர்வும் வரும் என்பதை உள்ளே விளக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். கடைசி அத்தியாயத்தில் ஆசிரியரின் சொந்தப் பொடியோ மாத்திரையோ விற்பனைக்கு வந்தால் நான் அந்தப் புத்தகத்தை வாங்குவதில்லை.

தொடக்கத்தில் இரண்டு போதும்: முறையை விளக்குவது ஒன்று, சமையலுக்கு ஒன்று. அறிவியல் விவாதங்கள் நிறைந்த தடித்த நூல்களை நூலகத்தில் எடுத்துப் படித்துக்கொள்ளலாம். வாங்கிய அன்றே முதல் புத்தகத்தின் உள்ளட்டையில் தேதி, எடை, வெறும் வயிற்றுச் சர்க்கரை, இரத்த அழுத்தம், எடுத்துவரும் மாத்திரைகளின் பெயர் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதி, மருத்துவரைப் பார்க்கப் போகும்போது மருந்து அத்தியாயத்தில் ஒரு சீட்டைச் செருகிப் புத்தகத்தையும் கையோடு கொண்டுபோங்கள்.