‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’: கையில் வரும் தவறுகள், காதில் வரும் தவறுகள்

டீப் பர்ப்பிள் ராக் குழுவின் பாட்டு. கிட்டார் வாங்கிய முதல் வாரமே எல்லாரும் கை வைப்பது இதன் ரிஃப்பில், அதாவது திரும்பத் திரும்ப வரும் அந்தச் சின்ன மெட்டில். சுருதி சேர்க்காதது, ஆம்ப்பை அலறவிடுவது போன்றவை போகப்போகத் தானே சரியாகும். இங்கே சொல்லப்போவது தானாகச் சரியாகாதவற்றை.

பவர் கார்டில் (ஒரு ஸ்வரம், அதன் மேல் பஞ்சமம்) வாசிப்பது

ஆறாவது கம்பியின் 3ஆம் ஃப்ரெட்டில் ஜி, ஐந்தாவது கம்பியின் 5ஆம் ஃப்ரெட்டில் டி என்று பிடித்து, பிக்கால் விளாசுகிறார்கள். எத்தனை முறை சொன்னாலும் இதே கதைதான்! ஸ்வரங்கள் சரி, அடுக்கு தலைகீழ். குழுவின் கிட்டார் கலைஞர் ரிச்சி பிளாக்மோர் வாசித்ததில் டி கீழே, ஜி மேலே. இடைவெளி பஞ்சமம் அல்ல, மத்யமம். மெட்டு ஓடுவது மேல் ஸ்வரத்தில். பவர் கார்டில் அந்த ஜி ஒரு ஸ்தாயி இறங்கிவிடுகிறது, மேலே டி வந்து உட்கார்ந்துகொள்கிறது. டிஸ்டார்ஷன் (ஒலியின் கரகரப்பு) கூடக்கூட எல்லாம் குழம்புகிறது.

நான்காவது, மூன்றாவது கம்பிகள் மட்டும் போதும். இரண்டிலும் ஒரே ஃப்ரெட்: 0-3-5, 0-3-6-5, 0-3-5-3-0 (0 என்றால் விரல் வைக்காத திறந்த கம்பி). பிக்கைக் கீழே வையுங்கள். கட்டைவிரல் நான்காவதில், ஆள்காட்டி விரல் மூன்றாவதில். இரண்டையும் ஒரே நொடியில் சுண்டி இழுக்க வேண்டும். பிக் ஒரு கம்பியைத் தொட்ட பிறகுதான் அடுத்ததற்குப் போகும். அந்த நூலிழைத் தாமதத்தில் ரிஃப்பின் குத்து போய்விடுகிறது. திறந்த கம்பிகளை உடனே அடக்கவும் மறக்காதீர்கள்.

எல்லா ஸ்வரங்களையும் தாள அடியில் போடுவது

முதல் மூன்று ஸ்வரங்கள்தான் அடியில். அடுத்த வரி அரை அடி தள்ளித் தொடங்குகிறது.

போதைப் பாட்டு என்பது

இல்லை.

உருவகம் தேடுவது

பாட்டு கிட்டத்தட்ட செய்தி அறிக்கை. 1971 டிசம்பர் 4, சுவிட்சர்லாந்தின் மோன்த்ரூ. அமெரிக்க ராக் கலைஞர் ஃபிராங்க் ஸாப்பாவின் கச்சேரியில் ரசிகர் ஒருவர் கூரையை நோக்கி ஃபிளேர் (தீப்பொறி எறியும் சமிக்ஞைத் துப்பாக்கி) சுட, கேசினோ எரிந்தது. புகை ஜெனீவா ஏரியின் மேல் படர்ந்தது. அங்கே ஆல்பம் பதிவு செய்ய வந்திருந்த டீப் பர்ப்பிள் இடம் தேடி அலைந்து, குளிர்காலத்துக்காக மூடியிருந்த கிராண்ட் ஹோட்டலில் வேலையை முடித்தார்கள். பாட்டில் வரும் ‘ஃபங்கி கிளாட்’ மோன்த்ரூ ஜாஸ் விழாவைத் தொடங்கிய கிளாட் நாப்ஸ். எரிந்த கருவிகள் டீப் பர்ப்பிளுடையவை என்று சிலர் எழுதுகிறார்கள். அவை ஸாப்பா குழுவினுடையவை.

வந்தவுடன் ஹிட் என்பது

ஆல்பம் 1972. அமெரிக்காவில் சிங்கிள் 4ஆம் இடம் பிடித்தது 1973இல்.

ஆர்கனை மறப்பது

அந்தக் கனம் கிட்டாருடையது மட்டுமல்ல. குழுவின் கீபோர்டு கலைஞர் ஜான் லார்ட் தன் ஹாமண்ட் ஆர்கனை மார்ஷல் ஆம்ப்பில் இணைத்து அதே ரிஃப்பைக் கூடவே வாசிக்கிறார். தனியாக வாசிக்கும்போது அந்த ஆர்கனையும் சேர்த்து டிஸ்டார்ஷனிலேயே வரவழைக்கப் பார்க்காதீர்கள். ஆம்ப்பில் டிஸ்டார்ஷனைக் கூட்டும் கெயினைப் பாதிக்குக் குறையுங்கள்.