யாருக்கா இதெல்லாம் பாக்கப்போறாங்க?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வடசென்னைத் தண்டையார்பேட்டையில் எங்கள் மொட்டை மாடிக்கு ஆறேழு பிள்ளைகள் வருவார்கள். எல்லோருக்கும் கதை எழுத ஆசை. எனக்கும் அதே ஆசைதான். அவர்களைவிட இருபது வருடம் முன்னால் ஆரம்பித்தேன், அவ்வளவுதான் வித்தியாசம். பிழைப்புக்கு மெய்ப்பு (புரூஃப்) திருத்துகிறேன். ஒரே ஒரு சிறுகதைத் தொகுப்பு வந்திருக்கிறது. யாராவது எழுத்தாளர் என்று அறிமுகப்படுத்தினால் இன்னும் காது சூடாகிவிடும்.

போன மாதம் ஒரு பையன் கதை வாசித்தான். 2015 டிசம்பர் வெள்ளம். இடுப்பளவு தண்ணீரில் அம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்து வருகிற பெண், கடைசியில் வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறி அண்ணன் வீட்டுக்குப் போகிறாள். நடை நன்றாக இருந்தது, அம்மாவின் ஈரப் புடவையை அவள் பிழிகிற இடத்தில் எனக்கே தொண்டை அடைத்தது. ஆனால் மெட்ரோ? "தம்பி, வண்ணாரப்பேட்டைக்கு மெட்ரோ வந்தது 2019 பிப்ரவரியில். விம்கோ நகர் வரைக்கும் போனது 2021-ல். வெள்ளத்தப்போ அங்கே தகரத் தடுப்புதான் இருந்தது" என்றேன். அவன் சிரித்தான். "யாருக்கா இதெல்லாம் பாக்கப்போறாங்க?"

அந்த வாக்கியம் என்னுடையது. 2019-ல் வார்த்தை மாறாமல் நானே சொன்னது. அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அதனால்தான், புதிதாகக் கதை எழுதுகிறவர்கள் செய்கிற தவறுகளைப் பற்றி இதை எழுதுகிறேன்.

ஒற்றுப்பிழை, பத்தி பிரிக்காதது, கைபேசியில் எழுதிவிட்டு நகல் வைக்காமல் தொலைப்பது, இதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அடிபட்டுத் தானாகத் தெரிந்துகொள்வீர்கள். தவிர, ஒற்றுப்பிழை இருந்தால்தான் எனக்குச் சோறு.

படித்த கையோடு கருத்து சொல்வது

எங்கள் மாடிக்கு வருகிற ஒரு பெண், நானூறு பக்க நாவலில் எண்பது பக்கம் படித்துவிட்டு, "சும்மா தூக்கி வெச்சிருக்காங்கக்கா" என்றாள். இருக்கலாம். ஆனால் மீதி முந்நூற்றிருபது பக்கத்தை அவள் இனிமேல் எப்படிப் படிப்பாள்? சொன்ன வாய்க்கு ஆதாரம் தேடித்தான் படிப்பாள். நானும் இருபது வயதில் எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். புத்தகத்தை முடிப்பதற்குள் டீக்கடையில் பேசப்போகிற வாக்கியம் தயாராகிவிடும். பேசிய வாக்கியங்கள் இன்றும் ஞாபகம் இருக்கின்றன, புத்தகங்கள் இல்லை. இப்போது ஒரு புத்தகத்தை முடித்தால் ஒரு வாரம் யாரிடமும் வாய் திறப்பதில்லை. ஒரு வாரம் கழித்தும் ஏதாவது ஒரு காட்சி மனதில் நின்றால் அதைப் பற்றிப் பேசுவேன்.

ஜனவரி புத்தகக் காட்சியில் இரண்டு பை நிறைய வாங்கி அடுக்கிவைப்பதும் இதே நோய்தான். நம் மாநிலத்தில் 1948-லேயே பொது நூலகச் சட்டம் வந்துவிட்டது. வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரியும் கட்டிக்கொண்டிருக்கிறோம். மாடிக்கு வருகிற ஏழு பேரில் கிளை நூலக உறுப்பினர் அட்டை வைத்திருப்பது இரண்டு பேர்.

முன்னுரைக்கு அலைவது

அலையாதீர்கள். எழுதிக் கொடுப்பவருக்கும் தலைவலி.

சென்னைத் தமிழ் என்று ஒன்றை எழுதுவது

மெய்ப்புக்கு வருகிற கைப்பிரதிகளில் வடசென்னைக்காரர் யார் வந்தாலும் வாயைத் திறந்ததும் கஸ்மாலம், பேமானி, சோமாறி. எங்கள் தெருவில் கஸ்மாலத்தைக் கடைசியாக எப்போது கேட்டேன் என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை. எதிர்வீட்டுப் பாட்டி "கீது" என்கிறார். அவர் மகள் வீட்டுக்குள் "கீது", ஆபீஸ் போனில் "இருக்குங்க". பேரன் எல்லோரையும் "ப்ரோ" என்கிறான், பாட்டியையும். வியாசர்பாடியில் 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பிவந்து குடியேறிய குடும்பங்களின் பேச்சு ஒரு தினுசு. சவுக்கார்பேட்டையில் மார்வாடி கடைக்காரர் பேசும் தமிழ் இன்னொரு தினுசு. ஒரே ஆள் பாட்டியிடம் ஒரு மாதிரி, போலீஸ்காரரிடம் வேறு மாதிரி பேசுவார். அந்த மாற்றத்தை எழுதினால் ஆள் உயிரோடு வருவார். எல்லா வாயிலும் ஒரே வசவை வைத்தால் எல்லோரும் ஒரே துணை நடிகர்.

கத்தி, கஞ்சா, கானா. மூன்றும் இங்கே உண்டு. டியூஷன், கேரம் போர்டு, இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி வரிசையும் உண்டு.

நம்ம ஊர்தானே என்று கேட்காமல் எழுதுவது

இதுதான் என்னைத் தின்ற தவறு.

2018-ல் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தை வைத்து ஒரு கதை எழுதினேன். வைகாசியில் கல்யாணம். மாப்பிள்ளை கடைசியாக ஒரு தடவை லாஞ்சில், அதாவது பெரிய விசைப்படகில், கடலுக்குப் போகிறான், பத்து நாள் தங்கிப் பிடிக்கிற வேலை. லாஞ்சு திரும்பவில்லை. பெண் துறைமுகத்தில் நின்றுகொண்டே இருக்கிறாள், கத்திரி வெயிலில் மருதாணி கருத்துப்போகிறது. ஒரு சிற்றிதழில் வந்தது. நாலு பேர் பாராட்டினார்கள். காசிமேடு எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். சின்ன வயதிலிருந்து அப்பாவோடு ஞாயிறு விடியற்காலையில் போய் மீன் வாங்கிய இடம். அதைப் பற்றி யாரிடம் போய் என்ன கேட்பது?

இதழ் வந்த வாரம், எங்கள் தெருவுக்குக் கூடையோடு வருகிற மீன்காரம்மாவுக்குக் கதையை வாசித்துக் காட்டினேன். பெருமைதான், வேறென்ன. வாசற்படியில் அரிவாள்மனையில் உட்கார்ந்து சங்கராவுக்குச் செதில் எடுத்துக்கொண்டே கேட்டார். லாஞ்சு திரும்பாத இடம் வந்ததும் கை நின்றது. அழப்போகிறார் என்று நினைத்தேன்.

"வைகாசிலயா?"

"ஆமாம்மா."

"வைகாசில லாஞ்சு ஏது பாப்பா? அல்லாம் கட்டிப் போட்டுக்கீதே."

தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகக்கூடாது. மீன் இனப்பெருக்கக் காலம். முன்பு 45 நாள், 2017-லிருந்து 61 நாள். தமிழ் மாதக் கணக்கில் பார்த்தால் சித்திரையும் வைகாசியும் கிட்டத்தட்ட அப்படியே அடங்கிவிடும். காசிமேட்டில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் தெரியும். நாற்பது வருடம் பக்கத்தில் இருந்து மீன் சாப்பிட்ட எனக்குத் தெரியாது. மே மாதத்தில் வஞ்சிரம் கிலோ ஆயிரத்தைத் தாண்டும்போது வெயிலைத் திட்டியிருக்கிறேன், ஏன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

அன்றைக்கு அந்த அம்மா அரை மணி நேரம் பேசினார். அந்த இரண்டு மாதத்தில் படகுகளை மேலே ஏற்றிப் பலகை மாற்றுவது, பெயின்ட் அடிப்பது, இன்ஜினைப் பிரிப்பது, வலை பின்னுவது. அரசாங்கம் கொடுக்கிற நிவாரணப் பணம் வருவதற்குள் வாங்கிவிடுகிற கடன். ஆம்பிளைகள் கரையில் இருப்பதால் தன் வீட்டுக் கல்யாணம் இரண்டையும் அந்த நாளில்தான் வைத்தார்களாம். மேற்குக் கரையில் தடை ஜூன் மாதத்தில்தான் தொடங்கும் என்பதால் அதுவரை கேரளாவிலிருந்து லாரியில் மீன் வரும். இவர்களும் அதை வாங்கித்தான் விற்க வேண்டும். "எம் பொண்ணு கல்யாணத்துக்கு லோடு மீனுல கொழம்பு வெச்சோம். ஐஸ் மீனு. எங்க மாமியா வாயில வெக்கல" என்றார்.

சொந்தக் கடலில் மீன் இல்லாமல் லாரி மீனில் கல்யாணக் குழம்பு வைத்த வீடு என் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தது. நான் தலையாட்டிக்கொண்டே, என் லாஞ்சை எப்படிக் காப்பாற்றுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

காப்பாற்றப் பார்த்தேன். தடைக் காலத்தில் சின்ன ஃபைபர் படகு போகலாம், ஆகவே லாஞ்சை ஃபைபர் ஆக்கலாமா? ஃபைபர் காலையில் போனால் மதியத்துக்குள் திரும்பிவிடும், பத்து நாள் காத்திருப்பு போய்விடும். கல்யாணத்தை ஆவணிக்குத் தள்ளலாமா? கத்திரி வெயில் போய்விடும், மருதாணி கருக்காது. அந்த மருதாணி வரியின் மேல் எனக்கு அவ்வளவு காதல். அடுத்த வருடம் தொகுப்பு போடும்போது ஒரு நண்பர் கேட்டார், இதைத் திருத்தவில்லையா என்று. "கதையிலே போய் தேதி பார்த்துக்கிட்டு... யாரு இதெல்லாம் பாக்கப்போறாங்க?" என்றேன்.

தெரியாமல் செய்திருந்தால்கூட மன்னித்துவிடலாம். தெரிந்த பிறகு அச்சுக்குக் கொடுத்தேன். சீட்டு எடுத்த பணம், 38,000 ரூபாய், 300 பிரதி.

யார் பார்த்தார்கள்? புத்தகத்துக்காக வைத்தது சின்னக் கூட்டம்தான், இருபது பேர். பின்வரிசையில் லுங்கியும் வெள்ளைச் சட்டையுமாக ஒரு பெரியவர். கேள்வி நேரத்தில் எழுந்து, ரொம்ப மரியாதையாக, "மேடம், வைகாசில அந்த லாஞ்சுக்கு டீசல் யார் போட்டாங்க?" என்றார். கூட்டத்தில் பாதிப் பேருக்குப் புரியவில்லை. புரிந்த பாதி சிரித்தது. அதற்குப் பிறகு அந்தத் தொகுப்பில் இருந்த மற்ற பதினொரு கதையைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை.

அதுகூடப் பரவாயில்லை. மீன்காரம்மாவின் பேரன் புத்தகத்தை வாங்கிப் போய் வீட்டில் வாசித்திருக்கிறான். அடுத்த வாரம் அவர் வந்தார், மீன் வெட்டிக் கொடுத்தார், போய்விட்டார். சில நாள் கழித்து நண்டு வலையைப் பற்றி ஏதோ கேட்டேன். "எங்கிட்ட எதுக்கு கேக்கற பாப்பா? நீதான் எயுதுவியே" என்றார். கோபமெல்லாம் இல்லை, கத்தியைத் துடைத்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார். அதன் பிறகு விலை மட்டும்தான் பேச்சு.

கேட்கிற முறையிலும் ஒரு பிசகு செய்திருந்தேன். "கதை எப்படி இருக்கு?" என்று கேட்டால் யாரும் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள், பாவம். "இதுல எது தப்பு?" என்று கேட்க வேண்டும். அதுவும் அச்சாவதற்கு முன்னால். தையற்காரர் வருகிற கதையைத் தையற்காரருக்கு, நர்ஸ் வருகிற கதையை நைட் டியூட்டி பார்க்கிற நர்ஸுக்கு, சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். எந்த இடத்தில் கை நிற்கிறது என்று பாருங்கள். நின்றால் அவர் சொல்வதை முழுசாகக் கேளுங்கள், உங்கள் வரியைக் காப்பாற்ற வழி தேடாதீர்கள்.

கேட்டதையெல்லாம் கொட்டுவது

மேலே சொன்னதைக் கேட்டுவிட்டு மாடிப் பிள்ளைகளில் ஒருவன் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டான். அவன் கதாநாயகன் தலையில் மூட்டையோடு ராயபுரம் ஸ்டேஷனில் ரயிலைப் பிடிக்க ஓடுகிறான். ஓடும்போதே, 1856-ல் திறந்த நிலையம் இது, தென்னிந்தியாவின் முதல் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது, அதற்கு மூன்று வருடம் முன்பே பம்பாயில் ரயில் ஓடிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறான். தகவல் எல்லாம் சரி. இந்தியாவின் முதல் நிலையம் என்று வழக்கமாக விடுகிற கப்ஸாவும் இல்லை. ஆனால் மூட்டை தூக்குகிறவனுக்கு எதற்கு 1856? அவனுக்கு ரயில் எத்தனை மணிக்கு, டிக்கெட் பார்க்கிறவர் எந்தப் பக்கம் நிற்கிறார், இதுதான் கவலை. இன்னொரு கதையில் பெரம்பூர் பி அண்ட் சி மில் 1996-ல் மூடியது வருகிறது. அதில் ஒரு தாத்தா, மூடிய பிறகும் காலை சங்கு ஊதுகிற நேரத்துக்கு எழுந்து உட்கார்ந்திருக்கிறார். அங்கே வருடம் தானாக உட்கார்ந்துகொண்டது, யாரும் அதைத் தூக்கிவந்து வைக்கவில்லை.

உங்கள் கருத்தை ஆட்டோக்காரர் வாயில் வைப்பது

அவருக்கே சொந்தக் கருத்து நாலைந்து இருக்கும், பெரும்பாலும் உங்களுக்குப் பிடிக்காததாக.

அவசரப்பட்டுச் சொந்தக் காசில் புத்தகம் போடுவது

என் கட்டிலுக்கு அடியில் இன்னும் 112 பிரதிகள் இருக்கின்றன. கொரோனா ஊரடங்கில் வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தபோது ஒவ்வொன்றாக எடுத்து, வைகாசியைப் பேனாவால் அடித்து ஆவணி என்று எழுதினேன். நாலு இடம். முதல் ஐம்பது பிரதி முடித்த பிறகுதான் 47-ஆம் பக்கத்துக் கத்திரி வெயில் கண்ணில் பட்டது. அதை அடிக்கக் கை வரவில்லை. மெட்ரோ பையன் போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பிரதி கேட்டான். திருத்தாததா, திருத்தியதா என்று கேட்டேன். ரெண்டும் கொடுங்கக்கா என்று வாங்கிப் போயிருக்கிறான்.